கொம்புத் தவளை: பார்த்து வாங்குவதும் தீனி போடுவதும்

கடைகளில் பேக்மேன் தவளை என்று விற்கும் கொம்புத் தவளை எங்கள் டொராண்டோ வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் டிசம்பரில் பதினொரு நாள் அது எதையும் தொடவில்லை. அந்தப் பதினொரு நாளில் கற்றுக்கொண்டதற்காகத்தான் இந்தப் பதிவு. தொட்டி, மூடியெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். பத்து கேலன் தொட்டி ஒரு தவளைக்குப் போதும். ஒன்றுக்கு மட்டும்! இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றொன்றை விழுங்கப் பார்க்கும்.

வாங்கும்போது

பெரும்பாலும் கிடைப்பது கிரான்வெல் வகை. பராகுவே, அர்ஜென்டினா, பொலிவியா பக்கத்து கிரான் சாக்கோ வறண்ட காடுகள்தான் அதன் சொந்த ஊர். தென் அமெரிக்காவின் பம்பாஸ் புல்வெளியைச் சேர்ந்த ஆர்னேட் வகையும் நல்லது. இந்த இரண்டில் ஒன்றை, மனிதர் வளர்ப்பிலேயே பிறந்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். காட்டில் பிடித்துவந்த சூரினாம் வகை தீனிக்குப் பெரும்பாடு படுத்தும், முதல்முறை வளர்ப்பவருக்கு வேண்டாம்.

கண் தெளிவாக இருக்கிறதா, தொடையின் உட்புறம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவந்திருந்தால் நோயாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். அப்புறம், "என் கண் முன்னால் ஒரு பூச்சி போடுங்கள்" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நிறத்தைவிட அதுதான் முக்கியம். பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய உயிர், அவசரப்படாதீர்கள்.

மண்ணும் தண்ணீரும்

உரம் கலக்காத தென்னை நார்த்தூள் போதும். கூழாங்கல், மணல் வேண்டாம், விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். ஈரப்பதத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு புட்டு மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

தவளை தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது, அதனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். இங்கே தண்ணீரில் கிருமி கொல்ல குளோரமைன் என்னும் ரசாயனம் கலக்கிறார்கள். ஒரு ராத்திரி திறந்து வைத்தால் அது போய்விடாது. மீன் தொட்டிக்கு விற்கும் நீர் சுத்திகரிப்பு மருந்தில் குளோரமைனையும் நீக்கும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

சாப்பிடாமல் போனபோது

சில்வண்டு போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. புழுவை மூக்கருகே ஆட்டினேன், கண்ணை மூடிக்கொண்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி 25 டிகிரி காட்டியதால் சூட்டில் குறை இருக்கும் என்று தோன்றவே இல்லை. பன்னிரண்டாம் நாள் காலை, சமையலறை வெப்பமானியின் முனையைத் தவளை புதைந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் செருகிப் பார்த்தேன். 18 டிகிரி. ராத்திரி வீட்டுச் சூட்டைக் குறைத்துவிட்டுப் படுப்போம். விடிந்ததும் காற்று சூடாகிவிடும், மண் ஆகாது. தவளை உட்கார்ந்திருப்பதோ மண்ணில்.

தொட்டியைச் சூடாக்கும் மின்சார வெப்பப் பாயை அடியில் வைக்காதீர்கள். இது சூடு தாங்காமல் கீழே தோண்டிப் போகிற பிராணி, அடியில்தான் வெந்துபோகும். பக்கக் கண்ணாடியில், மண் மட்டத்தில் ஒட்டுங்கள். சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம், அதன் முனை மண்ணுக்குள் இருக்கட்டும். மண் 25, 26 டிகிரியில் நின்ற மூன்றாம் நாள், இடுக்கி உள்ளே போவதற்குள் புழுவைக் கவ்வியது. குளிர்ந்த வயிற்றில் தீனி செரிக்காமல் அழுகிவிடும், ஆகவே மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் தீனி போடாதீர்கள்.

என்ன, எவ்வளவு

என் ஓட்டு நைட் கிராலர் என்னும் பெரிய மண்புழுவுக்கு. தூண்டில் சாமான் கடையில் டப்பாவோடு கிடைக்கும். குஞ்சுக்கு வெட்டிப் போடுங்கள். உரக்குழிச் சிவப்புப் புழு கசக்கும் போல, என் தவளை துப்பிவிடுகிறது. குஞ்சுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள், அதன் இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள அகலத்தைத் தாண்டாத பூச்சிகள் இரண்டு மூன்று. வளர்ந்ததற்கு வாரம் ஒருமுறை இரண்டு மூன்று புழு போதும். வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். தங்கமீன் வேண்டாம், அதிலுள்ள தயாமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். எலிக்குஞ்சு கொழுப்பு, எப்போதாவது போதும்.

அசைவதையெல்லாம் இது கவ்வும், பசி இல்லாவிட்டாலும். அளவு நம் கையில்தான் இருக்கிறது.

இடுக்கியில் எனக்குப் பிடித்தது மூங்கில். இரும்பு இடுக்கியில் பாய்ந்து தாடையைப் புண்ணாக்கிக்கொள்ளும். இதன் நாக்கு சொந்த எடையைவிட அதிக விசையோடு ஒட்டுவதை 2014-இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் அளந்திருக்கிறார்கள். அந்த நாக்கில் நார்த்தூளும் சேர்ந்து வரும், அதனால் புழுவை மண்ணில் போடாமல் உயர்த்திப் பிடியுங்கள்.

பின்சேர்க்கை

தவளை காய்ந்த இலைபோல் விறைத்துக் கிடக்கிறது, செத்துவிட்டதா என்று ஒரு வாசகர் பதறிக் கேட்டிருந்தார். தூக்கி எறிந்துவிடாதீர்கள்! மண் காய்ந்துபோனால் சாக்கோவின் வறட்சிக் காலத்தில் செய்வதுபோல உரிந்த தோலையே உறையாகப் போர்த்திக்கொள்ளும். மேலே சொன்ன நீர் சுத்திகரிப்பு மருந்து கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு தட்டில் தாடை மட்டத்துக்கு ஊற்றி அதில் உட்கார வையுங்கள். இதற்குச் சரியாக நீந்த வராது, ஆழம் வேண்டாம். அவருடையது சாயங்காலத்துக்குள் உறையைக் காலால் தள்ளித் தள்ளி வாய்க்குள் இழுத்து, முழுதாகத் தின்றுவிட்டுக் கண்ணைத் திறந்ததாம்.