செனட்டரின் ஓட்டுப் பதிவைப் படிப்பது எப்படி?

அமெரிக்க செனட்டர் ஒருவர் எந்தப் பக்கம் என்று தெரிய, மேடைப் பேச்சை ஓரம் வைத்துவிட்டு செனட் இணையதளத்தின் 'ரோல் கால்' (யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பெயர் வாரியாகச் சொல்லும்) பட்டியலைத்தான் நான் முதலில் திறப்பேன். குரல் வாக்கெடுப்பில் யார் பெயரும் பதிவாகாது. அதைத் தேடிப் பயனில்லை.

மசோதாவின் தலைப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஓட்டு எதற்கு? திருத்தத்துக்கா, விவாதத்தை முடிக்கவா (சட்ட மசோதாவென்றால் அதற்கே 60 ஓட்டு வேண்டும்), இறுதி மசோதாவுக்கா?

2003-இல் ஈராக், ஆப்கானிஸ்தான் போர், மறுசீரமைப்புச் செலவுக்கு புஷ் அரசு 8,700 கோடி டாலர் கேட்டது. பணக்காரர்களின் வரிச்சலுகையைக் குறைத்து அதைத் திரட்டும் திருத்தத்தை அப்போது செனட்டராக இருந்த ஜான் கெர்ரி ஆதரித்தார். அது தோற்றபின் இறுதி மசோதாவை எதிர்த்தார். மறு ஆண்டு அவர் அதிபர் தேர்தலில் நின்றபோது 'பல்டி' என்று எதிரணி பிடித்துக்கொண்டது. இரண்டு ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கணக்குப் புரியும்.

'நாட் வோட்டிங்' (ஓட்டுப் போடவில்லை) என்றிருந்தால் தேதியைப் பாருங்கள். ஐயா பிரசாரத்தில் இருந்திருப்பார்.