சர்க்கரை இறங்குவதை வீட்டில் இருப்பவர் கண்டுகொள்வது எப்படி?

முதலில், நோயாளி எடுக்கும் மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும் அபாயம் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது.

அடுத்தது அறிகுறிகள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது உடல் அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரப்பதால், வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தாங்க முடியாத பசி ஆகியவை தோன்றும். பெரும்பாலும் நோயாளியே இதை உணர்ந்து சொல்லிவிடுவார். 54-க்கும் கீழே போனால் மூளைக்குக் குளுக்கோஸ் போதாமல் பேச்சு குழறும், பார்வை மங்கும், நடை தள்ளாடும். காரணமின்றி எரிந்து விழுபவர், “எனக்கு ஒன்றுமில்லை” என்று நீங்கள் நீட்டும் டம்ளரைத் தட்டியும் விடலாம். அதைப் பிடிவாதம் என்றோ குடிபோதை என்றோ எண்ணிவிடாதீர்கள். உங்கள் உதவி மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான்.

பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு அந்த முதல் எச்சரிக்கை வராமலே போகும். இரத்த அழுத்தத்திற்காக அட்டெனோலால், புரோப்ரனோலால் போன்றவற்றை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துவிடலாம், ஆனால் வியர்வை பெரும்பாலும் மறையாது. தூக்கத்தில் உடை நனைய வியர்ப்பதையும், கெட்ட கனவில் அலறுவதையும், காலைத் தலைவலியையும் கவனியுங்கள்.

சந்தேகம் வந்தவுடன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது கருவி கையில் இல்லையென்றால் அதைத் தேடிக்கொண்டிருக்காமல், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு 15 கிராம் அளவு, அதாவது மூன்று தேக்கரண்டி நிறையச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ், அகார்போஸ் என்னும் சர்க்கரை மாத்திரைகளையும் எடுப்பவருக்குச் சீனி விரைவாகப் பலன் தராது. குளுக்கோஸ் பவுடர்தான் தர வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, 70-ஐத் தாண்டவில்லையென்றால் அதே அளவு கொடுங்கள். ஏறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை, குறிப்பாகச் சிறுநீரகம் பாதித்த முதியவர்களுக்கு, தேறியதுபோல் தோன்றிய சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கலாம் என்பதால், அவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அன்றிரவு தனியே படுக்க விடாதீர்கள்.