ஊட்டி ரயில் மாடல் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு

மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலை மாடலாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் தண்டவாளம்தான். கடையில் எளிதாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தை வாங்கி, அதன்மேல் 1:87 அளவில் (அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு) பெட்டிகளைச் செய்து வைத்துவிடுவார்கள். அப்புறம் பார்த்தால் ஏதோ அகலப்பாதை வண்டி மாதிரி இருக்கும். ஏனென்றால் நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக 1000 மி.மீ.

கணக்கு ரொம்பச் சுலபம்: 1000-ஐ உங்கள் அளவால் வகுங்கள். 1:87 என்றால் 11.5 வரும், ஆகவே 12 மி.மீ. தண்டவாளம் வாங்குங்கள். சரி, 16.5 மி.மீ. ஏற்கெனவே வாங்கியாச்சு என்றால் தூக்கிப் போட வேண்டாம், பெட்டிகளை 1:60 அளவில் செய்துகொள்ளுங்கள். உருவம் கொஞ்சம் பெரிசாக வரும், ஜன்னல் சட்டம் வெட்டுகிற கைக்கு அதுவே நிம்மதி.

இன்னொன்று. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் (எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுகிற, பல் வைத்த இரும்புச் சட்டம்) உண்டு, அதுவும் ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி மாற்றி ஒட்டுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், அதை முன்னால் மாட்டிவிடாதீர்கள் (நானே அப்படித்தான் மாட்டி வைத்திருந்தேன்). சரிவு ஏறக்குறைய 12-க்கு 1, ஒரு மீட்டர் நீளப் பலகையில் 8 செ.மீ. உயர்த்தினால் போதும்.