கொம்பில்லா மானைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்சில்வேனியாவில் கொம்பில்லா மானுக்கான உரிமம் கையில் இருந்தால், அந்த உரிமம் செல்லும் பகுதியில் கொம்பில்லாத எந்த வெண்வால் மானையும் சுடலாம். இரண்டு கொம்பும் 3 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் கொம்பில்லா மான்தான் என்கிறது சட்டம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு விதமான மான்கள் அடங்கிவிடுகின்றன: வளர்ந்த பிணை, ஆறு மாதப் பெண் குட்டி, ஆறு மாத ஆண் குட்டி, பருவத்தின் கடைசியில் கொம்பு உதிர்த்த கலை. பெண் மானைப் பிணை என்றும் ஆண் மானைக் கலை என்றும் பிரித்துச் சொல்ல நம்மிடம் நல்ல சொற்கள் இருப்பதால் அவற்றையே இங்கே பயன்படுத்துகிறோம். இந்த நான்கில் எதிரே நிற்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் விசையை அழுத்துவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது ஓநாயும் மலைச்சிங்கமும் அற்றுப்போன பென்சில்வேனியா போன்ற கிழக்கு அமெரிக்க மாநிலங்களைப் பற்றி. அங்கே மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களைத்தான் அரசு பெரிதும் நம்பியிருக்கிறது.

எத்தனை, எதற்காக என்று முடிவு செய்யாமல் காட்டுக்குள் போவது முதல் தவறு. விடை நிலத்திலேயே இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 5 அடி வரை இலையே இல்லாமல், கோடு போட்டதுபோல் அதற்கு மேல் மட்டும் பசுமை தெரிகிறதா? ஓக், மேப்பிள் கன்றுகள் ஒன்றும் தலைகாட்டாமல், மான் தீண்டாத பெரணிச் செடி மட்டும் தரையை மூடியிருக்கிறதா? அப்படியானால் நிலம் தாங்குவதைவிட மான் அதிகம். அங்கே எடுக்க வேண்டியது வளர்ந்த பிணை. நல்ல தீனி கிடைக்கும் இடத்தில் அது ஆண்டுதோறும் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். ஒரு பிணையை எடுத்தால் அடுத்த கோடையில் மூன்று வாய் குறையும். மாறாக, கன்றுகள் செழித்து வளர்ந்து மான் தடமே அரிதாக இருக்கும் நிலத்தில் வளர்ந்த பிணையை விட்டுவிடுங்கள். இறைச்சிக்கு ஒரு பெண் குட்டி போதும். அதுவும் வேண்டாம் என்று திரும்பி வருவதும் நல்ல முடிவுதான்.

தனியாக வரும் மான்

அடிக்கடி நடக்கும் தவறு இது. மாலையில் வயலோரம் ஒரு மான் தனியாக வெளியே வருகிறது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. 80 கெஜத்துக்கு அப்பால், திறந்த வெளியில், பெரிய பிணையாகவே தெரிகிறது. சுட்டுவிட்டுக் கிட்டே போய் நெற்றியைத் தடவினால் தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு குமிழ் கைக்குத் தட்டுப்படும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் 'பட்டன் பக்' என்று சொல்லும் ஆண் குட்டி அது. பென்சில்வேனியாவில் சுடப்படும் கொம்பில்லா மான்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இதுதான். மான் கூட்டத்தைத் திட்டமிட்டுப் பேணுபவர்கள் இதைப் பத்தில் ஒன்றுக்குள் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

ஆண் குட்டிக்கு ஆர்வம் அதிகம், பயம் குறைவு. தாய் மரங்களுக்குள் நின்று காற்றை முகர்ந்துகொண்டிருக்கும்போதே இது துள்ளி வெளியே வந்துவிடும். அதனால் முதலில் வருவதைச் சுடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் பின்னால் இன்னும் ஒன்றிரண்டு வரும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வித்தியாசம் தானாகத் தெரியும். யாரும் வரவில்லை என்றால் உடலை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள்.

ஆட்டுக்குட்டியின் முகத்தையும் தாய் ஆட்டின் முகத்தையும் மனதில் நிறுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மான்குட்டிக்கு மூக்கு குட்டை, முகத்துக்குக் காது பெரிதாகத் தெரியும். வளர்ந்த பிணையின் முகம் கண்ணிலிருந்து மூக்குவரை நீண்டு ஒடுங்கியிருக்கும், காது சிறிதாகத் தோன்றும், கழுத்தும் நீளம். குட்டியின் உடல் பக்கவாட்டில் ஏறத்தாழச் சதுரம். பிணையின் உடல் டிரங்குப் பெட்டிபோல் நீள்சதுரம், வயிறு சற்றுத் தொங்கும். குட்டி என்று தெரிந்துவிட்டால் அடுத்தது ஆணா பெண்ணா என்பது. மான் தலையைத் தாழ்த்தி மேயும்போது இரு காதுக்கும் நடுவே உச்சியைக் கவனியுங்கள்: பெண்ணுக்கு வளைந்து உருண்டிருக்கும், ஆணுக்குத் தட்டையாக, மூலைகளில் லேசாக மேடு தட்டியிருக்கும்.

இதையெல்லாம் பைனாகுலரில் பார்க்க வேண்டும், 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 வகை போதும். துப்பாக்கியின் ஸ்கோப்பில் பார்ப்பது மிக ஆபத்தான பழக்கம். அடையாளம் தெரியாத ஒன்றை நோக்கிக் குழலை நீட்டுகிறீர்கள். அது மனிதராகவும் இருக்கலாம். வெளிச்சம் மங்கி உச்சந்தலையின் வடிவம் தெரியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

குட்டியோடு நிற்கும் பிணை

தாயைச் சுட்டால் குட்டி பட்டினியில் செத்துவிடும் என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். இரக்கம் நல்லது, ஆனால் கணக்கைப் பாருங்கள். நவம்பர் நடுவில் இணைசேரல் உச்சத்தில் இருக்கும். சினைக்காலம் சுமார் 200 நாள், ஆகவே மே கடைசி, ஜூனில் குட்டி பிறக்கும். அக்டோபரில் அதற்கு நான்கு மாதம் கடந்துவிட்டது. பாலை நம்பியிராமல் மேய்ந்தே வாழும். தாய் இல்லாத ஆண் குட்டி பிறந்த இடத்தைவிட்டு வெளியேறும் வாய்ப்பும் குறைகிறது என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறது.

குட்டியில்லாமல் தனியே திரியும் பெரிய பிணையை 'மலடு, எடுத்துவிடலாம்' என்று முடிவு கட்டுவதும் தவறு. காட்டுப் பிணைகள் வயதானாலும் குட்டி போடும். உண்மையான மலடு அரிது. அதன் குட்டியைக் கரடியோ, கயோட்டி என்ற ஓநாய் இன விலங்கோ கொண்டுபோயிருக்கலாம். அதை எடுக்கலாம், தடையில்லை. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க எடுப்பதானால் அதுவும் ஒரு தாய் என்றே கணக்கில் வையுங்கள்.

தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. கொம்புள்ள கலை கிடைக்கிறதா என்று பருவம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, பிணையைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குகிறார்கள். அக்டோபரில் வில் அம்பு வேட்டையின்போது குட்டிக்கும் தாய்க்கும் அளவு வித்தியாசம் நன்றாகத் தெரியும். டிசம்பரில் குட்டி வளர்ந்து, குளிர்கால ரோமமும் சேர்ந்து, கண்ணை ஏமாற்றும். டிசம்பர் 26இல் தொடங்கும் ஃபிளின்ட்லாக் (பழங்காலத் தீக்கல் துப்பாக்கி) பருவத்தில் சில கலைகள் கொம்பையும் உதிர்த்திருக்கும். கழுத்து தடித்து, பின்னங்கால் மூட்டின் உட்புறம் கறைபடிந்து கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கொம்பு விழுந்த இடத்தில் பச்சைப் புண்போல் வட்டமாகத் தெரியும்.

கூட்டமாக நிற்கும்போது நீங்கள் தேர்ந்த பிணைக்குப் பின்னால் இன்னொரு மான் இல்லை என்று உறுதியான பிறகே சுடுங்கள். குண்டு ஊடுருவிப் போகும். எலும்பும் தோலுமாய் எச்சில் ஒழுகத் தள்ளாடும் மானை இறைச்சிக்காக எடுக்காதீர்கள். மானின் மூளையைத் தாக்கிக் கொல்லும் நாள்பட்ட மெலிவு நோய் பென்சில்வேனியாவில் 2012 முதல் இருக்கிறது. அப்படி ஒரு மானைக் கண்டால் மாநில வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த நோய்ப் பகுதியில் எடுத்த மான் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை இறைச்சியைச் சமைக்க வேண்டாம்.

இத்தனை பார்த்தும் பட்டன் பக் விழுந்துவிட்டால் மறைக்காதீர்கள். சட்டப்படி அது கொம்பில்லா மான்தான். அசைப்பதற்கு முன் உரிமத்தோடு வரும் சீட்டைக் காதில் கட்டி, 10 நாளுக்குள் வனவிலங்குத் துறைக்கு அறிக்கை கொடுத்துவிடுங்கள். 'என் நிலத்தில் பெரிய கலையாகியிருக்குமே' என்ற வருத்தமும் பாதிதான் சரி: ஆண் குட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரு வயதுக்குப் பிறகு பல மைல் தள்ளிப் போய்விடும். நீங்கள் விட்டது பக்கத்து நிலத்தில் வளரும், அவர்கள் விட்டது உங்களிடம் வரும். அதனால் பக்கத்து நிலத்துக்காரர்களோடும் பேசிவைப்பது நல்லது.

வயதை ஊகித்தது சரியா என்று கீழ்த்தாடையைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆறுக்குக் குறைவான கடைவாய்ப்பல் இருந்தால் அது அந்த ஆண்டுக் குட்டி. ஆறு இருந்து, முன்னிருந்து மூன்றாவது பல் மூன்று மேடாக இருந்தால் ஒன்றரை வயது. இரண்டு மேடாக இருந்தால் அதற்கு மேல். பிணையாக இருந்தால் மடியையும் அழுத்திப் பார்த்து, பால் இருந்ததா இல்லையா என்று தேதியோடு எழுதிவையுங்கள்.