போட்டிக்குப் படம் அனுப்பும்போது நாம் சறுக்கும் இடங்கள்

எங்கள் புகைப்படக் குழுவில் வாராவாரம் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். பரிசு, பணம் எதுவும் கிடையாது, ஜெயித்தவர் அடுத்த வாரத் தலைப்பைச் சொல்லலாம், அவ்வளவுதான். ஒருமுறை தலைப்பு ‘காலை’. நான் விடியும் முன்பே எழுந்து, பனி ஈரம் காயாத புல்லில் குப்புறப் படுத்து, முழங்கையெல்லாம் சேறாக, இறக்கையில் பனித்துளி ஒட்டிய ஒரு தட்டானை முக்கால் மணி நேரம் எடுத்தேன். விழுந்த ஓட்டு நான்கு. ஜெயித்த படம் எது தெரியுமா? ஒருவர் படுக்கையை விட்டு இறங்காமலேயே போனில் எடுத்தது. திரைச்சீலை இடுக்கு வழியாக வந்த ஒரு கோட்டு வெளிச்சம், தரையில் கிடந்த ஒற்றைச் செருப்பின் மேல்.

இரண்டு நாள் எரிச்சலாகவே இருந்தேன். ஒரு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்தத் தட்டான் கண்ணில் பட்டது. பெரிதாக்கிப் பார்த்தால், இறக்கை நரம்பெல்லாம் துல்லியமாக இருக்கிறது, கண் மட்டும் மங்கல். ஃபோகஸ் ஒரு நூல் தள்ளிப் போயிருக்கிறது. அனுப்பிய அன்று இது எனக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது படத்தை இல்லை, என் முழங்கைச் சேற்றை. நாம் பட்ட பாடு பார்ப்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இந்த மாதிரிச் சின்னப் போட்டிகளில் நாம் செய்கிற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கணிப்பு.

எடுத்த அன்றே அனுப்புவது முதல் தவறு. அன்றைக்கு அந்தப் படத்தோடு சேர்ந்து அந்த இடத்தின் குளிர், சத்தம், காத்திருந்த பதற்றம் எல்லாம் நம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கெடு முடிய நேரம் இருந்தால் இரண்டு நாள் அதைத் திறக்காதீர்கள். அப்புறம் வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள், ஒரு வார்த்தைகூட விளக்காமல். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், அதனால் பிரயோஜனம் இல்லை. “கண்ணு முதல்ல எங்க போச்சு?” என்று கேளுங்கள். நீங்கள் காட்ட நினைத்த பூவைச் சொல்லாமல், பின்னால் இருக்கும் வெள்ளை பக்கெட்டைச் சொன்னால் விஷயம் புரிந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஓட்டுப் போடுகிறவர்களில் பலர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான், போன் திரையில், முப்பது படங்களுக்கு நடுவே. அந்த அளவிலும் இது என்ன என்று புரிந்தால்தான் விரல் அதன் மேல் நின்று திறக்கும். இதனால் நுணுக்கமான, அடக்கமான படங்கள் அடிபட்டுப் போகின்றன என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு, ஆனால் நிலைமை இதுதான்.

தலைப்பு விஷயத்தில் எல்லோரும் ஒரே குழியில் விழுகிறோம். ‘தனிமை’ என்று கொடுத்தால் ஒரு காலி பெஞ்ச், ஒற்றை மரம், கடலைப் பார்த்தபடி முதுகு காட்டி நிற்கும் ஒருவர், இந்த மூன்றும் கட்டாயம் வந்துவிடும், அதிலும் பெஞ்ச் நான்கைந்து வரும். முதலில் தோன்றுவது எல்லோருக்கும் தோன்றுவதுதான். அதை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை யோசிக்க வேண்டும். சார்ஜரில் தனியாகக் கிடக்கும் போன், இரண்டு டூத்பிரஷ் இருந்த கோப்பையில் இப்போது ஒன்று, இந்த மாதிரி.

இதற்கு நேர்மாறான ஆட்களும் இருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு எடுத்த சூரிய அஸ்தமனம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தலைப்பு ‘சிவப்பு’ என்றால் அது, ‘பயணம்’ என்றால் அது, ‘அம்மா’ என்றாலும் “இயற்கை அன்னை” என்று பெயர் சூட்டி அதே படம். பெயர் முட்டுக்கொடுத்துத்தான் படம் நிற்கிறது என்றால் அது அந்தத் தலைப்புக்கான படம் இல்லை. தவிர, வாரத் தலைப்பின் சுகமே அதற்காகக் கேமராவை எடுத்துக்கொண்டு நான்கு நாள் வேறு கண்ணோடு திரிவதில் இருக்கிறது. பழைய ஃபோல்டரைத் தோண்டினால் அந்தச் சுகம் போய்விடுகிறது.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். புதிதாகச் சேர்பவர்களின் படங்களில் நான் அதிகம் பார்க்கும் குறை கை அசைவு, அதற்குக் காரணம் பெரும்பாலும் ஐஎஸ்ஓ, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்கிற அளவு, அதை ஏற்றுவதில் இருக்கும் பயம். புள்ளி புள்ளியாக வந்துவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டு, இருட்டு அறையிலும் ஐஎஸ்ஓ 100-லேயே வைத்துக்கொண்டு, ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/10 நொடிக்கு இறங்கி, படமே தண்ணீருக்குள் எடுத்தது போல வருகிறது. புள்ளிகளை எடிட் செய்யும்போது ஓரளவு குறைத்துவிடலாம், அசைந்து போன படத்தை மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் ஐஎஸ்ஓ 1600, 3200 என்று தாராளமாக ஏற்றுங்கள். பழைய கணக்கு ஒன்று இன்றும் உதவும்: லென்ஸின் குவியத் தூரம் 50 மில்லிமீட்டர் என்றால் ஷட்டர் குறைந்தது 1/50 நொடி, 200 என்றால் 1/200. கேமராவில் படம் பதியும் சென்சார் 35 மில்லிமீட்டர் பிலிமை விடச் சிறியதாக, 1.5 மடங்கு ‘கிராப்’ என்றால் அதையும் பெருக்கிக்கொள்ள வேண்டும், அப்போது 200-க்கு 1/300 ஆகிவிடும். லென்ஸில் அசைவு தாங்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கை அசைவைத்தான் தாங்கும், ஓடுகிற குழந்தையை நிறுத்தி வைக்காது. அதற்கு 1/500-க்குக் குறையாமல் போவது நல்லது.

அடுத்தது, எஃப் 1.8 லென்ஸ், அதாவது துளை மிக அகலமாகத் திறக்கும் லென்ஸ், வாங்கிய புதிதில் எல்லோருக்கும் வரும் ஜுரம். பின்னணி வெண்ணெய் மாதிரி உருகுகிறது என்ற மயக்கத்தில் எல்லாவற்றையும் 1.8-லேயே எடுப்போம். கிட்டத்தில், சற்றே பக்கவாட்டில் திரும்பிய முகத்தை அப்படி எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் இன்னொரு கண் மங்கலாகவும் வரும். எண்ணை 2.8, 4 என்று ஏற்றித் துளையைக் கொஞ்சம் மூடினாலே சரியாகிவிடும்.

ஓரங்களைப் பார்க்காமல் பட்டனை அழுத்துவதும் பெரிய நோய். தலையிலிருந்து முளைக்கும் விளக்குக் கம்பம், மூலையில் பாதி வெட்டுப்பட்ட யாரோ ஒருவரின் கை, ஒரு பக்கமாகக் கடல் வழிந்து ஓடிவிடுமோ என்கிற மாதிரி சாய்ந்த தொடுவானம். நிற்கும் இடத்திலிருந்து அரை அடி நகர்ந்தாலே போகக்கூடியவை இவை. நாம் ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் கம்பம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்ப்பவருக்கு அதுதான் முதலில் தெரிகிறது.

எடிட்டிங் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே சுருக்கமாக. வண்ணத்தையும், விளிம்புகளை எடுப்பாக்கும் கிளாரிட்டியையும் இழுத்துக்கொண்டே போனால் நம் கண் அதற்குப் பழகிவிடும், புல் பிளாஸ்டிக் ஆனது நமக்கே தெரியாது. முடித்த பிறகு பத்து நிமிடம் எழுந்து போய்விட்டு வந்து பாருங்கள், பெரும்பாலும் பாதியாகக் குறைக்கத் தோன்றும். ராத்திரி இருட்டில் திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்து எடிட் செய்தால் இன்னொரு சிக்கல்: உங்களுக்குச் சரியாகத் தெரியும் படம் மற்றவர்களுக்குக் கறுத்துப்போய்த் தெரியும். கண்ணை நம்பாமல் ஹிஸ்டோகிராமை (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) ஒருமுறை பாருங்கள், மொத்தமும் இடது பக்கம் குவிந்திருந்தால், நீங்கள் வேண்டுமென்றே அப்படி எடுக்கவில்லை என்றால், ஏதோ தப்பு.

எடிட் செய்யும்போது பளிச்சென்று இருந்த படம் ஏற்றியதும் சோகையாகத் தெரிகிறது என்று சிலர் புலம்புவார்கள். கேமராவிலோ எடிட்டரிலோ வண்ணவெளி (கோப்பில் வண்ணங்களைக் குறித்துவைக்கும் முறை) அடோபி ஆர்ஜிபி என்று இருக்கிறதா பாருங்கள். 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து சாதாரணத் திரைகளுக்காக உருவாக்கிய எஸ்ஆர்ஜிபிதான் இன்றும் இணையத்தின் பொது மொழி. அதிலேயே எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் தொல்லை இல்லை. அதே போல, படத்தை மெசேஜ் செயலியில் சாதாரணமாக அனுப்பி, அதை இறக்கி, அதைப் போட்டிக்குப் போடாதீர்கள். அந்தச் செயலிகள் படத்தைச் சுருக்கி நசுக்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஜேபெக் கோப்பைத் திறந்து, மாற்றி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், ஆகையால் மூலக் கோப்பு எப்போதும் தனியாக இருக்கட்டும்.

படத்தின் நடுவில் தடித்த எழுத்தில் பெயர் போடுவது பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அந்தப் பெயரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

விதிகளைப் படிக்காமல் அனுப்புகிறவர்கள் ஏராளம், நானும் அதில் உண்டு. கறுப்பு வெள்ளை மட்டும் என்று போட்டிருந்ததைப் பார்க்காமல் வண்ணப் படம் அனுப்பி வழிந்திருக்கிறேன். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வானத்தை மாற்றி ஒட்டுவதும், ஏஐ வைத்து இல்லாத பறவையை நுழைப்பதும் அப்படி இல்லை, அது மற்றவர்கள் வைத்த நம்பிக்கையோடு விளையாடுவது. பெரிய போட்டிகளிலேயே இது நடந்திருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கிய படத்தில் ஒரு ஓநாய் வேலிக் கதவைத் தாண்டிப் பாயும். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010-ல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள், எடுத்தவரோ கடைசிவரை மறுத்தார். 2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், அது ஏஐ உருவாக்கிய படம் என்று தானே சொல்லிப் பரிசை மறுத்துவிட்டார். மறுவருடம் இன்னும் வேடிக்கை: மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் நிஜமாகவே எடுத்த ஃபிளமிங்கோ படத்தை ஒரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்பி, பரிசும் வாங்கி, நிஜப் படம் என்பதற்காகவே தகுதி நீக்கப்பட்டார்! ஆக, என்ன செய்தோம் என்பதைப் படத்தோடு ஒரு வரி எழுதிவிட்டால் சங்கடமே வராது. “வானம் மாற்றியது” என்று எழுதி அனுப்புங்கள், விதி அனுமதித்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

கோப்புக்குள் ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஒளிந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வீடு, குழந்தை, பறவைக் கூடு, இந்த மூன்றில் எது இருந்தாலும் அனுப்பும் முன் அதை நீக்கிவிடுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போய், தாய்ப்பறவையை விரட்டிவிட்டு எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் ஓட்டுப் போட மாட்டேன், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

இப்போது ஓட்டுப் போடுகிற பக்கம். திறந்தே பார்க்காமல் ஓட்டுப் போடுவது, “நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்” என்கிற ரகசிய ஒப்பந்தம், குழுவில் கால் வைக்காத சித்தப்பா மகனையெல்லாம் அழைத்துவந்து ஓட்டுப் போட வைப்பது. பரிசே இல்லாத போட்டிக்கு இவ்வளவு அரசியலா என்று தோன்றும், ஆனால் நடக்கிறது. அப்படி ஜெயித்தவருக்கு, தன் படம் நன்றாக இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் ஒரே வழியும் அடைபட்டுப்போகிறது.

கமெண்ட் விஷயமும் அப்படித்தான். “சூப்பர்”, “அருமை” என்று எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டே போனால் எடுத்தவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. கேட்காமலே மூன்றில் ஒரு பங்கு விதியில் (படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் முக்கியமானதை வைப்பது) ஆரம்பித்து நீட்டி முழக்கிப் பாடம் எடுப்பவர்களைப் பார்த்தால் புதியவர்கள் ஓடிவிடுவார்கள். உங்கள் கண்ணுக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்லுங்கள்: “இடது மூலையில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு, அது என்னை முகத்திலிருந்து இழுக்குது.” இது போதும், அவர் பிடித்துக்கொள்வார்.

கமெண்டை வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம். யாராவது குறை சொன்னால் உடனே கை தட்டச்சுப் பலகைக்குப் போய்விடும். “பின்னால சுவர் இருந்துச்சு, நகர முடியல”, “அந்த நேரத்துல வெளிச்சம் அப்படித்தான் இருந்துச்சு” என்று. எல்லாம் உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்தச் சுவர் படத்துக்குள் இல்லையே. தட்டான் படத்துக்கு நானும் இப்படி ஆறு வரி விளக்கம் எழுதினேன், இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

யார் நல்ல படம் போட்டாலும் “என்ன கேமரா?” என்று கேட்கிற பழக்கத்தையும் குறைத்துக்கொள்ளலாம். செருப்பு மேல் விழுந்த வெளிச்சத்தை எடுத்தவரிடமும் கேட்டார்கள். மூலையில் கீறல் விழுந்த பழைய போன். அவர் எந்த நேரத்தில், எந்தப் பக்கமிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று, இது கொஞ்சம் நுட்பமானது. ஒருவர் நிழலுருவப் படம் போட்டு ஜெயித்தால் அடுத்த மூன்று வாரம் எல்லோரும் நிழலுருவமாகவே போடுவார்கள். நாமே ஒருமுறை மழைத்துளிப் படத்துக்கு ஜெயித்துவிட்டால், அப்புறம் எந்தத் தலைப்புக்கும் கண்ணாடியில் துளி தேடிக்கொண்டே அலைவோம். போன முறை என்ன பிடித்தது என்ற நினைப்பிலேயே எடுத்துக்கொண்டிருந்தால் நமக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோகிறது. எனக்கு இப்படி நான்கு மாதம் போயிற்று. அதிலிருந்து வெளியே வர, போட்டிக்கு அனுப்பவே போவதில்லை என்று முடிவு செய்து வாரம் ஒரு படம் எடுக்க ஆரம்பித்தேன், இன்னும் எடுக்கிறேன். அந்தக் கண் மங்கிய தட்டானும் இப்போது அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது. இறக்கை நரம்பு மட்டும் என்ன அழகு!

இந்த வாரத் தலைப்பு ‘நிழல்’. எனக்கு முதலில் தோன்றியது, சுவரில் விழும் ஜன்னல் கம்பி நிழல். தாளில் எழுதி ஓரமாக வைத்திருக்கிறேன்.