பெயர் போட்டு வரும் குப்பை, பெயரில்லாமல் வரும் குப்பை

கேட்காமலே வீடு தேடி வரும் காகிதம் இரண்டே வகைதான். உங்கள் பெயர் அச்சிட்டு வருவது ஒன்று, பெயரே இல்லாமல் வருவது இன்னொன்று. முதல் வகையைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். இரண்டாவதைக் குறைக்கலாம், மிஞ்சுவதைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பலாம். அஞ்சல் துறையில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையிலேயே என் உத்தியோகக் காலம் கழிந்தது. ஓய்வு பெற்று வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் இப்போதும், வாசலில் காகிதம் விழுந்தால் கை தானாகப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறது.

பெயர் போட்ட தபாலில் முதலில் பார்க்க வேண்டியது முகவரி. அது எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்பதை முகவரியே காட்டிக்கொடுக்கும். காலமாகிவிட்ட என் அப்பாவின் பெயருக்கு ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று அச்சிட்ட விளம்பர உறைகள் வந்துகொண்டிருந்தன. 1989-இல் வட ஆற்காடு பிரிந்தபோது வந்த பெயர் அது. பிறகு அது வேலூர் மாவட்டமாகி, 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று அதிலிருந்தும் பிரிந்தாகிவிட்டது. ஆனாலும் யாரோ அந்தக் காலத்தில் எழுதிக்கொண்ட பட்டியல் கை மாறிக் கை மாறி இன்றும் உயிரோடிருக்கிறது.

இதை நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. நம் ஊர் வீடுகள் பலவற்றுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கின்றன. வங்கி, காப்பீடு, அரசு ஆவணங்களில் முகவரி மாறாமல் ஒன்றுபோல் இருக்கட்டும். மற்ற கடைகளுக்குத் தரும்போது ஓர் இடத்தில் பழைய எண்ணை மட்டும், இன்னோர் இடத்தில் புதிய எண்ணை மட்டும் கொடுங்கள். அடுத்த முறை அறிமுகமில்லாத உறை வந்தால், முகவரியைக் கைமாற்றியது யார் என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

நிறுத்த, அனுப்பிய நிறுவனத்துக்கு எழுதத்தான் வேண்டும். உறையில் பெயருக்கு மேலேயோ மூலையிலேயோ ஒரு வரிசை எண் அச்சாகியிருக்கும். வாடிக்கையாளர் எண்ணோ பட்டியல் எண்ணோ, அதைக் குறிப்பிடாமல் எழுதினால் அந்தப் பக்கம் யாரும் தேட மாட்டார்கள். ஓர் அஞ்சலட்டையோ மின்னஞ்சலோ போதும்: ‘மேற்கண்ட பெயரையும் முகவரியையும் உங்கள் விளம்பரத் தபால் பட்டியலிலிருந்து நீக்கவும். வேறு எவருக்கும் தர வேண்டாம்.’ இறந்தவர் பெயருக்கு வந்தால் உறையைப் பிரிக்காமல் ‘முகவரிதாரர் இறந்துவிட்டார்’ என்றும், பழைய குடித்தனக்காரருக்கு வந்தால் ‘குடி மாறிவிட்டார்’ என்றும் எழுதித் தபால்காரரிடம் கொடுங்கள். உங்களுக்கே வந்து வேண்டாமென்றால், பிரிக்கும் முன்பே ஏற்க மறுக்கலாம்.

ஆனால் ஸ்பீடு போஸ்ட்டில் (2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபாலும் அதோடு சேர்ந்துவிட்டது) இந்த வேலை வேண்டவே வேண்டாம். நீதிமன்ற அறிவிப்பு, வங்கி அறிவிப்பு, வரித்துறைக் கடிதம் எல்லாம் அப்படித்தான் வரும். வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும். விளம்பரக் கோபத்தை அதன்மேல் காட்டிவிட்டுப் பிறகு அலையக் கூடாது.

விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்தால் தபாலும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமே. கணக்கறிக்கை, மியூச்சுவல் ஃபண்ட் அறிக்கை, நிறுவனங்களின் ஆண்டறிக்கை ஆகியவற்றுக்கு அந்தந்த இடத்திலும், பங்குகளை மின்வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கிலும் மின்னஞ்சலைப் பதிந்துவிட்டால் கனமான புத்தகங்கள் வருவது குறையும்.

இதையெல்லாம்விட முக்கியம், முகவரியை அள்ளிக் கொடுக்காமல் இருப்பது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பில்லோடு ஒரு பரிசுக் கூப்பனை நீட்டுவார்கள். பெயர், முகவரி, கைப்பேசி எண், திருமண நாள் வரை கேட்கும். பரிசு யாருக்கோ போகும், முகவரி மட்டும் கடையிடம் தங்கிவிடும். அதை நிரப்பாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெயரில்லாமல் வருவதில் பெரும்பங்கு நாளிதழுக்குள் செருகி வரும் நோட்டீஸ்தான். மனை விற்பனை, நீட் பயிற்சி, நகைச் சீட்டு. அதைச் செருகுவதில் பேப்பர் முகவருக்குச் சிறு வருமானம் உண்டு என்பதால் சண்டை போட்டுப் பயனில்லை. மாதப் பணம் கொடுக்கும்போது, நம் வீட்டுப் பிரதியில் மட்டும் வேண்டாமே என்று தன்மையாகச் சொல்லிப் பாருங்கள். கேட்டில் ‘நோட்டீஸ் போட வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை மாட்டினால் தெருவில் வந்து போடுபவர்களில் சிலராவது கடந்து போவார்கள்.

இனி மிஞ்சியது. காகித ஆலையில் பழைய தாளை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மையை நீக்குகிறார்கள். கரூர் அருகே காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையிலும் இந்த வேலை நடக்கிறது. பிளாஸ்டிக் அந்தக் கூழில் கரையாது. ஆகவே வீட்டிலேயே பிரித்துவிட வேண்டும். முகவரி தெரியும் ஜன்னல் வைத்த உறையென்றால், அந்தப் படலத்தின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி மெதுவாக இழுங்கள், பசையோடு முழுதாக வந்துவிடும். பளபளக்கும் நோட்டீஸைக் குறுக்கே கிழித்துப் பாருங்கள். விளிம்பு நார்நாராகப் பிசிறி வெள்ளையாகத் தெரிந்தால் அது ஆர்ட் பேப்பர், கடைக்குப் போகலாம். கிழியாமல் இழுபட்டு, விளிம்பில் மெல்லிய தோல்போல ஏதாவது தொங்கினால் அது பிளாஸ்டிக் பூசியது, காகிதத்தோடு சேர்க்கக் கூடாது. வழவழப்பான, நகத்தால் கீறினால் கறுக்கும் பில் தாளில் ரசாயனப் பூச்சு இருப்பதால் அதையும் தனியே வையுங்கள்.

கணக்கு எண், பான் எண், ஆதார் நகல் இருக்கும் பகுதியை மட்டும் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்துவிடுங்கள். முழுத்தாளையும் பொடிப்பொடியாக வெட்டினால் நார் குட்டையாகிவிடும், கடைக்காரரும் வாங்கத் தயங்குவார்.

ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளைப் பால் கணக்குக்கும் பிள்ளைகளின் கணக்குப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். பளபளப்பில்லாத தாளைக் கிழித்துச் சமையலறைக் கழிவோடு கலந்தால் ஈரத்தை உறிஞ்சி உரக்குழி நாறாமல் காக்கும். இலவம்பாடி முள்ளுக் கத்திரி நாற்று இரண்டு எங்கள் தொட்டியில் அந்த உரத்தில்தான் நிற்கின்றன. (2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்க் கத்திரிக்காய் அது.)

வெந்நீர் அடுப்பில் மட்டும் இவற்றைப் போடாதீர்கள். பிளாஸ்டிக் பூச்சு எரியும் புகை நேராகப் பிள்ளைகளின் மூக்குக்குப் போகிறது. திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடுக்கின்றன. சாக்கில் கட்டித் தரையில் படாமல் ஒரு பலகைமேல் வையுங்கள், நனைந்த தாளுக்குக் கடைக்காரர் விலை குறைப்பார். தாள், அட்டை, புத்தகம் என்று தனித்தனியாகக் கட்டியிருந்தால் விலை பேசவும் எளிது. போகிக்கு முந்தைய வாரம் எல்லா வீட்டிலும் பரண் காலியாகி அவருக்கு ஓய்வே இருக்காது. அதனால் கார்த்திகையிலேயே கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள்.