ஓவர்கிளாக் மாடிங்கில் கை தவறினால்: தவிர்க்க வேண்டிய இரண்டாவது தவறுகள்

பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) எண்களை மாற்றி ஓவர்கிளாக் செய்வதில், அதாவது சிப்பை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், ஒரு சௌகரியம் உண்டு. எண் தப்பாகப் போனால் அந்த எண்களை அழிக்கும் சிஎம்ஓஎஸ் ஜம்பரைத் தொட்டால் போதும், எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். புராசஸரின் மூடியைக் கழற்றுவது, ரெசிஸ்டர் மேல் இன்னொரு ரெசிஸ்டரை வைத்து ஈயம் பற்றவைப்பது போன்ற மாடிங் வேலைகளுக்கு, அதாவது வன்பொருளையே மாற்றுவதற்கு, அந்த ஜம்பர் கிடையாது. ஆனாலும் கை தவறிய அந்த நொடியிலேயே போர்டு செத்துவிடுவது குறைவு. "சரி, ஓடுகிறதா பார்ப்போம்" என்று பவர் பட்டனை அழுத்துகிறோமே, பெரும்பாலும் அந்த இரண்டாவது தவறில்தான் சாகிறது.

அதனால் சந்தேகம் வந்தவுடன் பவர் கேபிளைப் பிடுங்குங்கள், மதர்போர்டின் காயின் பேட்டரியையும் கழற்றுங்கள். அப்புறம் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் சார்ஜ் வடிந்துவிடும். இனி அவசரமே இல்லை. மின்சாரம் இல்லாத போர்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

அடுத்தது மல்டிமீட்டர். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டின் கோர் மின்வழிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் பீப் என்று கத்தும். ஷார்ட் ஆகிவிட்டது என்று பதறி, நல்ல மாஸ்ஃபெட்டுகளை (மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகங்களை) ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பிப்பவர்கள் உண்டு. பெரிய சிப் உள்ள இன்றைய கார்டுகளில் கோர் வழியின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் கீழே இருப்பது சகஜம், அது பழுதல்ல. 12 வோல்ட் வழியில் பூச்சியத்தை ஒட்டி வந்தால்தான் நிஜமாகவே கவலைப்பட வேண்டும். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே 12 வோல்ட், கோர், மெமரி மூன்றையும் அளந்து எழுதி வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வராது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் கழித்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம். ஒரு ஓமுக்குக் கீழே போகும்போது கம்பியின் ரெசிஸ்டன்ஸே கணக்கைக் கெடுத்துவிடும்.

சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தப் பூசும் லிக்விட் மெட்டல் சிந்துவது அடிக்கடி நடக்கும் விபத்து. காலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த இந்தக் கலவை அறை வெப்பத்திலேயே ஓடும், மின்சாரத்தையும் கடத்தும். சிந்தியதும் காற்று டப்பாவை எடுத்து ஊதுவதைவிடப் பெரிய தவறு இல்லை. ஒரு துளி பல நூறு மணிகளாகச் சிதறி, கண்ணுக்கு எட்டாத சிப்புகளுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். போர்டை அசைக்காமல், மெல்லிய ஊசி போட்ட சிரிஞ்சால் முதலில் உறிஞ்சுங்கள். மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், விளிம்பிலிருந்து நடுப்பக்கமாக ஒற்றி எடுங்கள். அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கெப்பாசிட்டர் காலருகே மின்னுவது ஈயமா, லிக்விட் மெட்டலா என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம். பல் குச்சியால் மெதுவாகத் தள்ளினால் தெரிந்துவிடும்: ஈயம் அசையாது, மணி உருளும். கால்களுக்குப் பதில் அடியில் ஈய உருண்டைகள் உள்ள பிஜிஏ சிப்புக்குக் கீழே போயிருந்தால் வீட்டில் எடுக்க வழியில்லை, சிப்பைக் கழற்றிப் பொருத்தத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

அதே கலவை அலுமினிய ஹீட்சிங்க்கில் பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை. காலியம் அலுமினியத்தின் துகள் இடைவெளிகளுக்குள் புகுந்து உலோகத்தையே நொறுங்க வைத்துவிடும், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். செம்பில் சாம்பல் நிறக் கறை படிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. செம்பு கொஞ்சம் காலியத்தை உறிஞ்சிக்கொள்ளும். சில மாதம் கழித்து வெப்பம் ஏறினால் இன்னொரு மெல்லிய பூச்சு போட்டால் போதும்.

கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளக்க உதவுவது ஷன்ட் ரெசிஸ்டர். அந்த அளவைக் குறைத்துக் காட்ட, அதன் மேலும் இதே லிக்விட் மெட்டலைத் தடவும் பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நாளாக ஆக அது ஈயப்பற்றைத் தின்றுவிடும், ஷன்ட் கழன்று நகரும். ஏற்கெனவே தடவியிருந்தால் சுத்தமாக எடுத்துவிட்டு, புது ஈயத்தோடு மறுபடி பற்றவைக்க வேண்டும். ஷன்ட் மாற்றியதும் கார்டு மிகக் குறைந்த கிளாக்கிலேயே சிக்கிக்கொண்டால், ரெசிஸ்டன்ஸை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று சந்தேகப்படலாம். சில கார்டுகள் அளவு நம்ப முடியாதபடி இருந்தால் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். 5 மில்லிஓம் மேல் இன்னொரு 5 வைத்தால் 2.5 ஆகிறது, கார்டு பாதி மின்சாரத்தைத்தான் பார்க்கிறது. அதற்குப் பதிலாக 10 வைத்தால் 3.33. நிஜத்தில் 300 வாட் ஓடும்போது 200 என்று காட்டும். பலருக்கு இதுவே போதும். கனெக்டர் வழியாக ஓடுவது 300தான் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வோல்ட்மாட் செய்பவர்கள், அதாவது வோல்டேஜை உயர்த்த போர்டை மாற்றுபவர்கள், கன்ட்ரோலர் சிப்பின் ஃபீட்பேக் காலிலிருந்து (வெளியே வரும் வோல்டேஜைக் கவனிக்கும் கால்) கிரவுண்டுக்கு ஒரு டிரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) போடுவார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ரெசிஸ்டன்ஸைப் போல சுமார் 20 மடங்கு மதிப்புள்ளதை எடுத்து, உச்சத்தில் வைத்துத் தொடங்குவது பழைய வழக்கம். ஃபீட்பேக் 0.6 வோல்ட், மேலேயும் கீழேயும் 1 கிலோஓம் என்றால் வெளியே வருவது 1.2 வோல்ட். கீழே 20 கிலோஓம் சேர்த்தால் 1.23 ஆகும், அவ்வளவுதான். இந்தக் கம்பி அறுந்தால் பழைய வோல்டேஜுக்கே திரும்பும். ஆனால் அது கிரவுண்டில் பட்டுவிட்டால், வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று நம்பி கன்ட்ரோலர் ஏற்றிக்கொண்டே போகும். ஆகவே கம்பியைப் பசை போட்டு அசையாமல் ஒட்டிவிடுங்கள்.

பேடோடு (பற்றவைக்கும் செம்புத் தகட்டோடு) சேர்த்துக் கம்பி பிய்ந்து வந்தால், அந்தக் காலிலேயே மறுபடி அயர்னை அழுத்துவது வீண் வேலை. அதே வழியில் இருக்கும் இன்னொரு ரெசிஸ்டரின் முனையைத் தேடி, எனாமல் பூசிய மெல்லிய கம்பியை அங்கே கொடுக்கலாம். கிரவுண்டுப் பக்கம் ஈயம் உருகவில்லை என்றால் காரணம் உள்ளே இருக்கும் செம்பு அடுக்குகள், அவை சூட்டை இழுத்துக்கொள்கின்றன. கை பலத்தைக் கூட்டாதீர்கள். போர்டை முன்கூட்டியே சூடாக்கி, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் போடுங்கள்.

2000-இல் வந்த ஏஎம்டி தண்டர்பேர்டில் சிப்பின் மேலிருந்த எல்1 பாலங்களை (அறுபட்ட இணைப்புகளை) பென்சிலால் கோடு போட்டு இணைத்து, வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிபிளையரைத் திறந்த காலம் எவ்வளவு சுகமானது! தப்பானால் ஆல்கஹாலில் துடைத்தால் முடிந்தது.

மூடி கழற்றுவதில் ஒரு தலைமுறைக்குச் செய்ததை அடுத்ததற்கும் செய்வதுதான் ஆபத்து. 2012-இன் ஐவி பிரிட்ஜில் மூடிக்கடியில் வெறும் பேஸ்ட்தான். 2013-இன் ஹேஸ்வெல்லில் டைக்கு (சிலிக்கான் துண்டுக்கு) பக்கத்திலேயே நுண்பாகங்கள் வந்துவிட்டன, பிளேடு அங்கே போகக் கூடாது. 2018-இன் ஐ9-9900கே மூடி இண்டியத்தால் பற்றவைத்தது, சூடாக்காமல் திருகினால் சிலிக்கானே உடையலாம். மூடியைத் திரும்ப ஒட்டும்போது புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் பசை வேண்டாம், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். நான்கு மூலையிலும் சின்னப் புள்ளிகள் போதும். சுற்றிலும் தடித்துப் பூசினால் மூடி உயர்ந்து, முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

கடைசியாக, தனக்கென உள்ள பயாஸில் தப்பானதை ஏற்றிச் செயலிழந்த கிராபிக்ஸ் கார்டு. முதலில் உள்ளமைந்த கிராபிக்ஸிலோ இன்னொரு கார்டிலோ பூட் செய்து, பழைய பயாஸை ஏற்றிப் பாருங்கள். முடியாவிட்டால்தான் பயாஸ் சிப்பில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ புரோகிராமரும், சிப்பைக் கவ்வும் கிளிப்பும். சிப்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, 1.8 வோல்ட் சிப்பா என்று உறுதி செய்யாமல் மாட்ட வேண்டாம், புரோகிராமர் தருவது 3.3. அழிப்பதற்கு முன் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கிளிப் சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி மாட்டுங்கள்.